பிள்ளையை ஒருக்கா விடுங்கோ

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அன்று நான் வேலை செய்கிற மரக்கறிக் கடையில் முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்த என் மகள் சுபாங்கி, முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, மத் எக்ஸ்பேர்த் எடுக்க விடமாட்டினமாம்" என்றாள். இரண்டு காதும் கொதித்தன.

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த பிரெஞ்சு நாட்டில் லீசே என்கிற மேல்நிலைப் பள்ளியின் இரண்டாவது வருடத்தில் பிள்ளைகள் மூன்று பெரிய பாடங்கள் படிப்பார்கள். கடைசி வருடத்துக்குப் போகும்போது ஒன்றை விட்டுவிட்டு இரண்டை வைத்திருக்க வேண்டும். கணிதத்தை வைத்திருக்கிற பிள்ளை விரும்பினால் அதற்கு மேலே இன்னொரு கணித வகுப்பும் எடுக்கலாம். வாரத்தில் மூன்று மணித்தியாலம். அதுதான் மத் எக்ஸ்பேர்த். பொறியியல் பக்கம் போக நினைக்கிற பிள்ளைகள் அதை எடுப்பார்கள். சுபாங்கி பாலங்கள் கட்டப் போகிறாள். உயிரியலை விடுவாள், கணிதமும் பௌதிகமும் வைத்திருப்பாள், மத் எக்ஸ்பேர்த்தும் எடுப்பாள் என்று எங்கள் கடை இருக்கிற ரூ பிலிப்-து-ஜிரார் தெரு முழுக்க நான் சொல்லி முடித்திருந்தேன். வெண்டிக்காய் வாங்க வந்தவர்களுக்கும் சொன்னேன், வாங்காமல் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களுக்கும் சொன்னேன்.

"ஏனாம்?" என்றேன்.

"தெரியேல்லை. ரெண்டு காணுமாம்."

"ஆர் சொன்னது?"

"முசியே ரொபேர்." அவளுடைய வகுப்பாசிரியர். கணிதம் படிப்பிப்பவரும் அவர்தான். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, கைத்தொலைபேசியைப் பார்த்தாள்.

ரெண்டு காணுமாம். யாருக்குப் போதும்? அவருடைய பிள்ளைக்கும் காணும் என்று சொல்லியிருப்பாரா? எங்கள் பிள்ளைகளைக் கண்டால் இவர்களுக்குக் கடைச் சாமான் ஏற்றுகிற வண்டிலும் ஓட்டல் குசினியும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த இடத்திலேயே கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இராஜேந்திரன் ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரெஸ்ரோறன்ரில் சமைக்கிறார். பின்னால் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

"இஞ்சரும், அவையோடை சண்டைக்குப் போகாதையும். படிப்பிக்கிற ஆக்களுக்குத் தெரியும்தானே" என்றார்.

"உங்களுக்கு வெங்காயம் வெட்டத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அது நியாயமில்லாத கதைதான். ஆனால் அன்றைக்கு நான் நியாயம் பார்த்துக் கதைக்கிற நிலையில் இல்லை.

நான் கத்துவதைக் கேட்டுக்கொண்டு சாரதாதேவி அக்கா உள்ளே வந்தார். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. அவரும் என்னோடு சேர்ந்து கொதித்தார். "விடாதை கலா. நேரை போய் முகத்துக்கு முன்னாலை கேள். நாங்கள் பேசாமல் இருக்கிறபடியால்தான் ஏறி மிதிக்கினம்" என்றார். பிறகு குரலைக் குறைத்து, "அதிருக்கட்டும், வாற கிழமைக்கு அடுத்த வியாழன் பின்னேரம் பிள்ளையை ஒருக்கா விடு. வீட்டு விண்ணப்ப அலுவலகத்திலை சந்திக்க ரொந்தேவூ தந்திருக்கினம். ஒரு மணித்தியாலம்தான்" என்றார்.

"ஓம் அக்கா, கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன். முருங்கைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

சுபாங்கி அங்கேதான் நின்றாள். முதுகுப் பையோடேயே வெளியே போனாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று கவனித்ததாக இப்போது பொய் சொல்லமாட்டேன்.

எங்கள் ஆட்கள் கூடுகிற லாச்சப்பலில் பிள்ளையைக் கடன் கேட்பது அரிசி கடன் கேட்பதைவிடச் சுலபம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு பிரெஞ்சு தண்ணீர் மாதிரி வரும். எங்களுக்கு வராது. ஆஸ்பத்திரி, மின்சாரக் கட்டணம், விசா, வேலை ஒப்பந்தம், வீட்டுக்காரனின் கடிதம் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவருடைய பிள்ளை வேண்டும். சுபாங்கிக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே அவளைக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். "உங்கடை பிள்ளை கதைச்சா வெள்ளைக்காரர் எழும்பி நிண்டு கேக்கினம்" என்று சொல்வார்கள். எனக்கு நெஞ்சு நிமிரும். அவளைத் திரும்பக் கொண்டுவந்து விடும்போது ஒரு பையில் ரோல்ஸோ கட்லட்டோ கொடுத்துவிடுவார்கள். அதை அவள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. நாங்கள்தான் சாப்பிட்டோம்.

பள்ளிக்கூடம் இருக்கிற நேரத்தில் போவதென்றால் ஒரு சின்ன வேலை இருந்தது. வராததற்குக் காரணம் எழுதிய துண்டு கொடுக்க வேண்டும். முதல் தடவை "குடும்ப அலுவல்" என்று எழுதினோம். பள்ளிக்கூடத்திலிருந்து என்ன அலுவல் என்று கேட்டுத் தொலைபேசி எடுத்தார்கள். அதற்குப் பிறகு "வயிற்றுவலி" என்று எழுதினோம். அதை பிரெஞ்சில் எப்படி எழுதுவது என்று சுபாங்கிதான் காட்டித் தந்தாள். கோலம் பார்த்துப் போடுவதுபோல் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதி, கீழே கையெழுத்துப் போடுவேன். வியாழன் பின்னேரம் பார்த்து ரொந்தேவூ எடுங்கோ என்று எல்லோருக்கும் சொல்லி வைத்ததும் நான்தான். வியாழன் பின்னேரம் அவளுக்குக் கணிதம். கணிதம் அவளுக்கு நன்றாக வரும், ஒருநாள் விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் கணக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்கு முசியே ரொபேரைச் சந்திக்க நேரம் கிடைத்தது. சுபாங்கி காலையிலிருந்து, "நீங்கள் வரவேண்டாம் அம்மா, நான் தனியப் போய்க் கதைக்கிறன்" என்று நச்சரித்தாள்.

"நீ கதைச்சுக் கிழிச்சது காணும்" என்றேன். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டேன். வழி முழுக்க மெட்ரோப் பாலத்துக்குக் கீழே நடந்துகொண்டே கேட்க வேண்டியவற்றைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். நறுக்காக நான்கு கேள்வி. நான்காவது கேள்வியில் அந்த மனிதர் தலைகுனிய வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

முசியே ரொபேர் ஒல்லியான மனிதர். கை நீட்டினார், கதிரை இழுத்துப் போட்டார். அந்த மரியாதையும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"கேள் பிள்ளை" என்றேன். "எங்கடை பிள்ளையளுக்கு மட்டும் ஏன் ரெண்டு காணும் எண்டு கேள்."

சுபாங்கி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். நான் சொன்னதில் பாதி நீளம்கூட இல்லை. அவர் பதில் சொல்லத் தொடங்கினார். கையை விரித்துச் சொன்னார், மேசையில் தட்டிச் சொன்னார், அவளைக் காட்டிச் சிரித்தார், பிறகு முகம் வாடிப்போய்ச் சொன்னார். இரண்டு நிமிடமாவது இருக்கும்.

சுபாங்கி என்னிடம் திரும்பி, "யோசிச்சுச் சொல்லுறாராம்" என்றாள்.

நான் பதினான்கு வருடம் கல்லாவில் நின்றவள். எனக்கு பிரெஞ்சு தெரியாவிட்டாலும் நீளம் தெரியும். "ரெண்டு நிமிசம் கதைச்ச மனிசன் இவ்வளவுதானோ சொன்னவர்?" என்றேன். அவர் சொன்னதில் ஒரு சொல் எனக்கு விளங்கியிருந்தது. மலாட். நோயாளி. ஆஸ்பத்திரிகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல். இங்கே எதற்கு அது?

"முசியே, லான்தமொன்" என்றேன். மெதுவாகச் சொல்லுங்கோ என்று. அவருக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து என் முன்னால் வைத்தார்; கேட்டுப் பழகிய சொற்களை வைத்து விளங்கிக்கொண்டேன். ஒரு படிவத்தைத் திருப்பிக் காட்டினார். மத் எக்ஸ்பேர்த்துக்கு நேரே இருந்த பெட்டி வெறுமையாக இருந்தது. பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே இரண்டு கோடு. இவள் எடுக்க வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறார். மூன்று தடவை கேட்டிருக்கிறார். வகுப்பில் முதல் ஆள் இவள்தான் என்றார். வேண்டாம் என்றது இவள். தன் உடம்பு தாங்காது என்று சொல்லியிருக்கிறாள்.

பிறகு அவர் இன்னொரு தாளை எடுத்தார். அவள் இந்த வருடம் வராத நாட்கள். பத்தொன்பது அரை நாட்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரே காரணம், வயிற்றுவலி; பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்ட துண்டு ஒட்டியிருந்தது. அவளுக்கு என்ன நோய், எந்த டொக்டரிடம் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். பள்ளிக்கூடத்துத் தாதி பயந்துபோய் இருக்கிறாராம். கேட்கும்போது அவருடைய குரல் தாழ்ந்துவிட்டது.

நான் தாளைப் பார்த்தேன். ஒக்டோபர் பதினான்கு, சாரதாதேவி அக்காவின் கண். நவம்பர் இருபத்தைந்து, என்னுடைய விசா. ஜனவரி பதின்மூன்று, கடைக்கு எதிரே இருக்கிற அருட்பிரகாசம் அண்ணையின் மின்சாரச் சண்டை. மார்ச் பதினேழு, இவளுடைய அப்பாவின் வேலை ஒப்பந்தம். ஏப்ரல் ஏழு, மறுபடியும் கண். பத்தொன்பதில் பதினாறு வியாழக்கிழமைகள். ஒன்றுகூட வயிற்றுவலி இல்லை.

கொண்டுபோன கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் மேல் போட முடியாது. வெறுங்கையோடு வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. பக்கத்தில் இருந்தவள் மேல் போட்டேன்.

"ஏனடி பள்ளிக்கூடத்திலை எடுக்க விடேல்லை எண்டு பொய் சொன்னனி?"

"வேறை என்னண்டு சொல்லுறது?" அவள் தமிழில் சொன்னாள். வீட்டில் கோபம் வந்தால் பிரெஞ்சுக்குப் போகிறவள், அன்றைக்குத் தமிழில் சொன்னாள். "இப்பவே கணிதம் வியாழன் பின்னேரம் அம்மா. அந்த வகுப்பும் அடுத்த வருசம் வியாழன் பின்னேரம்தான். அதை எடுத்துப்போட்டு அரைவாசிக்கு வராமல் நிண்டு, எல்லாருக்கும் முன்னாலை முழிச்சுக்கொண்டு இருக்கச் சொல்லுறீங்களோ? அதைவிட எடுக்காமல் விடலாம்."

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"எப்ப? நீங்கள் ஓம் எண்டு சொன்னாப் பிறகுதானே எனக்கே தெரியவரும்."

போன கிழமை முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு சொன்ன ஓம் காதுக்குள் கேட்டது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அடித்தால் நோகிற மாதிரி ஆத்திரம். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். பிரெஞ்சு படிக்க நேரமில்லை, வேலை, சமையல் என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். நேரம் இருந்தது. பிள்ளை இருக்கிறாள்தானே என்று விட்டுவிட்டேன். என் பங்குப் படிப்பையும் அவள் தலையில் ஏற்றிவிட்டு, வெள்ளைக்காரன் எங்களை மிதிக்கிறான் என்று கத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

முசியே ரொபேர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுபாங்கி சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு அவரிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். டொக்டர் என்ற சொல் வந்தது. என்னைக் காப்பாற்றுகிறாள் என்று விளங்கியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். நோயாளிப் பிள்ளையின் தாய் என்று என்னைப் பாவம் பார்ப்பார்கள். அவள் நோயாளியாகவே இந்தப் பள்ளிக்கூடத்தை முடிப்பாள்.

"எல் பா மலாட்" என்றேன். அவளுக்கு நோய் இல்லை.

"அம்மா, வேண்டாம்" என்றாள் சுபாங்கி.

பொய் சொன்னேன் என்பதற்கு பிரெஞ்சில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கக் கூடாது என்று இருந்தது. தாளை என் பக்கம் இழுத்தேன். முதல் தேதியில் விரலை வைத்து, என் கண்ணைக் காட்டி, "மதாம் சாரதா" என்றேன். இரண்டாவதில் வைத்து, "முவா. விசா" என்றேன். நான்தான் என்று. மூன்றாவதில் மேலே எரிந்த விளக்கைக் காட்டி, "முசியே பிரகாசம்" என்றேன். நாலாவதில் "பாப்பா" என்றேன், அவளுடைய அப்பா என்று. பிறகு துண்டுகளில் இருந்த கையெழுத்துகளில் வரிசையாக விரலை வைத்து, "முவா, முவா, முவா" என்றேன். பத்தொன்பதாவது வரைக்கும் விரலை எடுக்கவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முகம் சிவந்திருந்தது. ஒரு வருடமாக இந்தப் பிள்ளைக்குப் பெரிய நோய் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னார். சுபாங்கி அதை ஒரு சொல் குறைக்காமல் எனக்குச் சொன்னாள். தமிழில் யாராவது ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன். அந்த மனிதர் ஏசவும் இல்லை. மெதுவாக, எனக்கு விளங்குகிற மாதிரி, ஒரேயொரு கேள்வி கேட்டார். "இனி வியாழன்களில் யார் போவது, மதாம்?"

திரும்பி வரும்போது மெட்ரோப் பாலத்துக்குக் கீழே நான் சொன்னேன். "நீ மத் எக்ஸ்பேர்த்தை எடு."

அவள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். "பாத்தீங்களோ? இப்பவும் நீங்கள்தான் சொல்லுறீங்கள்." என் முகத்துக்கு நேரே, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். அவளைப் பிடிக்க எனக்குக் கால் இல்லை.

வீட்டில் படிவத்தை மேசையில் வைத்தேன். என்னுடைய கையெழுத்தை மட்டும் போட்டேன். பெட்டி ஒன்றிலும் பேனையை வைக்கவில்லை. இராஜேந்திரன் வேலையால் வந்து, "என்ன முடிவு?" என்று கேட்டார். "அவளின்ரை முடிவு" என்றேன். "உங்கடை கடிதங்களுக்கும் இனி வேறை ஆளைப் பாருங்கோ, இல்லாட்டி நீங்களே போய்ப் படியுங்கோ."

காலையில் சுபாங்கி தேத்தண்ணீர்க் கோப்பையோடு படிவத்துக்கு முன்னால் இருந்தாள்.

"வியாழக்கிழமை ஆர் போறது?" என்று கேட்டாள்.

"நான்."

"உங்களுக்கு பிரெஞ்சு தெரியாது."

"ஒன்பது வயசிலை உனக்கு மட்டும் அந்தச் சொல்லெல்லாம் தெரிஞ்சதோ?"

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு டொக்டர் சொன்னதைப் பெரியவர்களுக்குச் சொல்ல முடியாமல், ஆஸ்பத்திரி விறாந்தையில் அவள் அழுதது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கணிதத்துக்கு நேரே இருந்த பெட்டியில் ஒரு புள்ளடி போட்டாள். பௌதிகத்துக்கு ஒன்று. பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்காக எடுக்கேல்லை" என்றாள். மூன்றாவது புள்ளடியைத் தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டாள்.

வியாழன் பின்னேரம் சாரதாதேவி அக்கா நீலக் கோப்பும் ரோல்ஸ் பையுமாகக் கடைக்கு வந்தார். "எங்கை பிள்ளை?" என்றார்.

"பிள்ளைக்கு வகுப்பு இருக்கு அக்கா. நான் வாறன்."

"நீயோ? உனக்கு என்ன தெரியும்? ஒரு மணித்தியாலத்துக்கு விட்டா என்ன குறைஞ்சு போகும்? நல்லாத்தான் தலைக்கனம் பிடிச்சிட்டுது உங்களுக்கு."

"பத்தொன்பது தரம் விட்டாச்சு. நானும் விட்டன், நீங்களும் கேட்டீங்கள். இனி இல்லை" என்றேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன், கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. முதலாளியிடம் முன்னமே இரண்டு மணித்தியாலம் கேட்டு வைத்திருந்தேன். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அக்கா வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ரோல்ஸ் பையை என்னிடம் தரவில்லை.

அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கோப்பைப் புரட்டினாள். வேகமாக ஏதோ கேட்டாள். "லான்தமொன்" என்றேன். மறுபடி கேட்டாள். பாதி விளங்கியது. விளங்கிய பாதிக்கு ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். பிழையான தாள். பின்னால் வரிசை நீண்டது. அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, போன தடவை ஒரு பெண் பிள்ளை வந்து அழகாகக் கதைத்தாளே, அவளைக் கூட்டிக்கொண்டு இன்னொரு நாளைக்கு வாருங்கள் என்றாள். அது முழுவதும் எனக்கு விளங்கியது.

சாரதாதேவி அக்கா என் முழங்கையில் இடித்தார். "பாத்தியா? பிள்ளைக்கு ஒரு கோல் எடு."

கடிகாரம் மூன்றேகால் காட்டியது. காது சூடாகத் தொடங்கியது. கண்ணாடிக்கு அருகில் குனிந்தேன்.

என் மகள் கணித வகுப்பில் இருக்கிறாள், அவள் வரமாட்டாள் என்று சொன்னேன். பிழையான பிரெஞ்சில்தான், ஆனால் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி. பிறகு கோப்பிலிருந்த தாள்களை எல்லாம் கண்ணாடிக்கு முன்னால் பரப்பி வைத்துவிட்டு, எது வேண்டும் என்று விரலால் கேட்டேன்.